வண்ண ஆழம்: எடுக்கும்போது கூட்டு, கொடுக்கும்போது குறை

கன்னியாகுமரியில் அந்தி சாய்ந்ததும் எடுத்த படம் கேமராத் திரையில் அருமையாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து கணினியில் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி, கொஞ்சம் கான்ட்ராஸ்ட் கூட்டுவீர்கள். ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கு வழுவழுவென்று மாறிய வானம் பட்டைபட்டையாக உடையும். லென்ஸில் கோளாறு இல்லை, கேமராவிலும் இல்லை. அந்தக் கோப்பில் இருந்த வண்ண ஆழம் நீங்கள் செய்த திருத்தத்துக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் விதி ஒன்றுதான். வண்ண ஆழத்தைப் படம் எடுக்கும் நொடியில் மட்டுமே கூடுதலாகப் பெற முடியும். அதன் பிறகு அதைக் காப்பாற்றலாம் அல்லது இழக்கலாம். புதிதாகச் சேர்க்க முடியாது. ஆகவே எடுக்கும்போது முழு அளவு வாங்குங்கள், திருத்தும்போது குறையாமல் காத்துக்கொள்ளுங்கள், குறைப்பதைக் கடைசி வேலையாக வையுங்கள்.

## கணக்கு இவ்வளவு போதும்

கணினியில் நீங்கள் பார்க்கும் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வோர் எண்ணையும் எத்தனை பிட்டில் எழுதுகிறோமோ அதுதான் வண்ண ஆழம். ஒரு பிட் கூடினால் படிகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்.

- 8 பிட்: நிறத்துக்கு 256 படிகள். ஜேபெக் கோப்பு இந்த வகை. மூன்று நிறங்களையும் பெருக்கினால் சுமார் 1.67 கோடி வண்ணங்கள்.
- 10 பிட்: 1,024 படிகள். புதிய கேமராக்கள் சிலவற்றில் கிடைக்கும் ஹீஃப் கோப்பு.
- 12 பிட்: 4,096 படிகள். தொடக்க நிலைக் கேமராக்கள் பலவற்றின் ரா கோப்பு.
- 14 பிட்: 16,384 படிகள். இன்றைய நடுத்தர, உயர்தரக் கேமராக்களின் ரா கோப்பு.
- 16 பிட்: 65,536 படிகள். திருத்தும்போது பயன்படும் டிஃப் கோப்பு.

1.67 கோடி வண்ணங்கள் போதாதா என்று கேட்கலாம். பார்ப்பதற்குத் தாராளமாகப் போதும், திருத்துவதற்குத்தான் போதாது. வானத்தின் மேல் ஓரத்துக்கும் தொடுவானத்துக்கும் இடையே நீலத்தில் 40 படி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் வானம் 4,000 புள்ளி உயரம் இருந்தால் ஒவ்வொரு படியும் 100 புள்ளி அகலத்துக்கு ஒரு பட்டை. அடுத்தடுத்த பட்டைகளுக்கு நடுவே ஓர் எண்தான் வித்தியாசம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. கான்ட்ராஸ்டை மூன்று மடங்கு இழுத்தால் அந்த வித்தியாசம் மூன்று எண்ணாகிவிடும். பட்டை பளிச்சென்று தெரியும். 14 பிட் ராவில் அதே வானத்துக்கு இடைப்படிகள் நிறைய இருப்பதால் இழுத்தாலும் இடைவெளி விழாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ரா கோப்பில் படிகள் எல்லா வெளிச்சத்துக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. 14 பிட்டின் 16,384 படிகளில் பாதி, அதாவது 8,192, மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப்புக்கே போய்விடும். அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கும் அடுத்ததற்கு 2,048. இப்படியே இறங்கி ஆறாவது ஸ்டாப்புக்கு வரும்போது 256தான் மிச்சம். 12 பிட்டில் அதே இடத்தில் வெறும் 64. இருட்டான பகுதிதான் எப்போதும் முதலில் அடிபடும் என்பதன் காரணம் இது.

குறிப்பு: 14 பிட் வைத்துக்கொண்டு இரண்டு ஸ்டாப் இருட்டாக எடுத்தால், பயன்படும் படிகள் 12 பிட் அளவுக்கு இறங்கிவிடும். மெனுவில் சரியாக வைத்துவிட்டு எக்ஸ்போஷரில் கோட்டைவிட்டால் பலன் இல்லை.

## எந்த வேலைக்கு எது?

எல்லாவற்றையும் 14 பிட்டில் எடுக்க வேண்டியதில்லை. இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்:

- உடனே அனுப்ப வேண்டிய செய்திப் படம், வீட்டு விசேஷம்: ஜேபெக் போதும். எக்ஸ்போஷரும் வெண்சமநிலையும் எடுக்கும்போதே சரியாக இருக்க வேண்டும்.
- கல்யாணம், கோயில் திருவிழா: ரா, 12 பிட். ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் போகும் இடங்களில் 14 பிட்டின் கூடுதல் படிகளைப் பெரும்பாலும் நாய்ஸ் விழுங்கிவிடும். கோப்பு பெரிதாவதுதான் மிச்சம்.
- வானம், கடல், பனிமூட்டம், விளக்கொளியில் கட்டடம், பெரிய அளவில் பிரிண்ட் போடும் படம்: ரா, 14 பிட், கேமராவின் குறைந்தபட்ச ஐஎஸ்ஓ.

## முதல் வேலை: கேமராவைத் தயார்செய்தல்

இதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கன்னியாகுமரி 8 டிகிரி வடக்கே, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சூரியன் ஏறக்குறைய நேராகக் கடலில் இறங்கும். மறைந்த பிறகு நல்ல வெளிச்சம் 20 நிமிடம் சொச்சம்தான். அந்த நேரத்தில் மெனுவுக்குள் தேடிக்கொண்டிருந்தால் வானம் கறுத்துவிடும்.

1. தரத்தை மாற்றுங்கள். இமேஜ் குவாலிட்டி மெனுவில் 'ரா' அல்லது 'ரா + ஜேபெக்'. புதிதாகப் பழகுபவர்களுக்கு இரண்டும் சேர்ந்தது நல்லது. ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.
2. பிட்டைத் தேர்ந்தெடுங்கள். நிக்கான் கேமராக்கள் பலவற்றில் ரா ரெக்கார்டிங் மெனுவுக்குள் 12, 14 என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். கேனானில் தேர்வு இல்லை, கேமராவே முடிவுசெய்யும். உங்கள் கேமராவில் என்ன என்பதைக் கையேட்டில் பாருங்கள்.
3. ஷட்டரைக் கவனியுங்கள். கேனான் ஆர்6 போன்ற கேமராக்களில் எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் ஆழம் 12 பிட்டுக்கு இறங்கும். சோனி ஏ7 வரிசையின் பழைய கேமராக்கள் சிலவற்றில் தொடர்ச்சியாகச் சுட்டால் அப்படி ஆகும். நிதானமாக எடுக்கும் படத்துக்கு மெக்கானிக்கல் ஷட்டர், ஒற்றைப் படம் என்று வையுங்கள்.
4. கம்ப்ரெஷன்: 'லாஸ்லெஸ்' என்று இருந்தால் அதுவே சரி. கோப்பு சிறிதாகும், தகவல் எதுவும் போகாது. வெறும் 'கம்ப்ரெஸ்டு' என்று இருப்பது கொஞ்சம் தகவலைத் தூக்கி எறியும்.
5. கலர் ஸ்பேஸ்: எஸ்ஆர்ஜிபி. இது ஜேபெக்குக்கு மட்டும்தான். ரா கோப்பைத் தொடாது. ஜேபெக்கை வாட்ஸ்அப்பிலும் லேபிலும் கொடுப்பவர்களுக்கு இதுதான் தொல்லை இல்லாதது.
6. படப் பாணியை 'நியூட்ரல்' ஆக்குங்கள். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ராவிலிருந்து வருவதில்லை, உள்ளே செய்யும் ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வருகிறது. 'விவிட்' வைத்திருந்தால் இல்லாத ஆபத்தைக் காட்டும்.
7. மூன்று நிற ஹிஸ்டோகிராமையும், வெளுத்த இடம் மினுக்கும் எச்சரிக்கையையும் போட்டுவையுங்கள். வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராம் சிவப்பு தனியாக வெளுப்பதைச் சொல்லாது.
8. கார்டில் இடம் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் கம்ப்ரெஸ் செய்யாத 14 பிட் ரா ஏறக்குறைய 42 எம்பி. 64 ஜிபி கார்டில் சுமார் 1,500 படம் பிடிக்கும்.

கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு: கேமரா செயலியின் 'புரோ' பகுதிக்குள் ரா இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் டிஎன்ஜி கோப்பாக வரும். ஐபோன் புரோ வகைகளில் உள்ள புரோரா 12 பிட் டிஎன்ஜி.

## இரண்டாம் வேலை: மூன்று இடங்கள், மூன்று பயிற்சிகள்

வண்ண ஆழம் கைகொடுக்கும் நிலைமைகள் மூன்று: மெதுவாக நிறம் மாறும் வானம், கும்மிருட்டான உள்ளிடம், ஒரே நிறம் அடர்ந்த பொருள். மூன்றுமே நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கின்றன.

### பயிற்சி 1: கன்னியாகுமரி அந்தி வானம்

1. சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே டிரைபாடைப் போட்டுவிடுங்கள். கடற்காற்று பலமாக இருக்கும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், பையைக் கொக்கியில் மாட்டுங்கள்.
2. ஐஎஸ்ஓ 100, துளை எஃப்8, மேனுவல் மோட். கேமராவை மேற்கே திருப்பாமல் கிழக்கே, திருவள்ளுவர் சிலைப் பக்கம் திருப்புங்கள். மறையும் சூரியனுக்கு எதிர்ப்பக்க வானத்தில் இளஞ்சிவப்பும் நீலமும் மிக நுட்பமாக ஒன்றில் ஒன்று கரையும். பட்டை விழுவதற்கு அதைவிட நல்ல சோதனை இல்லை.
3. ஹிஸ்டோகிராமின் வலது முனை சுவரைத் தொடாமல், ஆனால் அதற்குப் பக்கத்தில் வரும் வரை ஷட்டர் நேரத்தைக் கூட்டுங்கள். படம் திரையில் சற்று வெளுப்பாகத் தெரிந்தால் பரவாயில்லை, கணினியில் இறக்கிக்கொள்ளலாம். இப்படி எடுத்தால் அதிகப் படிகள் உள்ள பகுதியில் வானம் உட்காரும்.
4. இருட்டு ஏற ஏறச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஹிஸ்டோகிராமைத் திரும்பப் பார்த்து நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள்.
5. விடிகாலையில் அதே சிலையை எதிர்வெளிச்சத்தில் எடுங்கள். 133 அடிச் சிலையும் பாறையும் நிழலாக நிற்கும், வானம் தகதகக்கும். ஒரே படத்தில் இரண்டும் அடங்காவிட்டால் மைனஸ் 2, 0, பிளஸ் 2 என்று மூன்று படம் எடுத்து வையுங்கள். 14 பிட்டுக்கும் ஓர் எல்லை உண்டு.

### கடற்கரையில் பாதுகாப்பு

படத்தைவிட உயிர் பெரிது. முட்டம், கன்னியாகுமரி, லெமூர் கடற்கரைகளில் பாறையோ மணலோ எதுவானாலும் இதைக் கடைப்பிடியுங்கள்:

- கள்ளக்கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். தொலைதூரக் கடலில் எழும் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடும். எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குக் கடல் பக்கம் வேண்டாம்.
- ஈரமான பாறையில் ஏறாதீர்கள். பாறை நனைந்திருக்கிறது என்றால் அலை அங்கே வந்து போயிருக்கிறது என்று பொருள். பாசி படிந்த இடம் செருப்பைப் பிடிக்காது.
- கடலுக்கு முதுகு காட்டி நின்று திரையைப் பார்க்காதீர்கள். படத்தைச் சரிபார்க்கப் பின்னால் வந்துவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள்.
- கண்ணாடி வழி பார்க்கும் கேமராவில் டெலி லென்ஸ் போட்டுச் சூரியனைப் பார்க்காதீர்கள். கண் போய்விடும். திரையில் பார்த்தே எடுங்கள். சூரியன் உயரத்தில் இருக்கும்போது லென்ஸை வெகுநேரம் அதன்மேல் நிறுத்தி வைக்காதீர்கள், சென்சார் கெடும்.
- உப்புத் துளி: லென்ஸ் மேல் படியும் மெல்லிய உப்பு, வானத்தை மங்கலாக்கும். மங்கலான படத்துக்குக் கான்ட்ராஸ்ட் ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றினால் பட்டை விழும். அடிக்கடி துடையுங்கள், ஆனால் முதலில் ஊதிவிட்டுத் துடையுங்கள். மணல் துகள் இருந்தால் கீறும்.

### பயிற்சி 2: பத்மநாபபுரம் அரண்மனை

தக்கலை அருகே உள்ள இந்த அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். டிரைபாட் கொண்டுபோகலாமா என்பதை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சுவரோவியங்கள் இருக்கும் இடம் என்பதால் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

மந்திரசாலையில் நின்று பாருங்கள். சன்னல்களில் மைக்கா வழியே வண்ண ஒளி வரும். கீழே கறுப்புத் தரை கண்ணாடி மாதிரி மினுங்கும். அந்தக் கறுப்பு ஒரே கறுப்பு அல்ல. சன்னலின் நிழல் விழுந்த இடம் நீலம் ஓடிய கறுப்பு, மரத்தூணின் பிம்பம் விழுந்த இடம் பழுப்பு ஓடிய கறுப்பு. இந்த வேறுபாடுகள் எல்லாம் கீழ்ப்படிகளில்தான் இருக்கின்றன.

1. ரா + ஜேபெக், 14 பிட் வையுங்கள்.
2. சன்னல் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து ஒரு படம் எடுங்கள். தரை ஏறக்குறைய இருட்டாகத் தெரியும்.
3. கைப்பிடிச் சுவரிலோ தூணிலோ சாயாமல் நில்லுங்கள். டிரைபாட் இல்லையென்றால் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை விட்டு நிறுத்திச் சொடுக்குங்கள்.
4. வீட்டில் ஜேபெக்கைத் திறந்து தரையை மூன்று ஸ்டாப் ஏற்றுங்கள். அடுத்து ராவைத் திறந்து அதே அளவு ஏற்றுங்கள்.
5. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 100 சதவீதத்தில் பாருங்கள். ஜேபெக்கில் தரை திட்டுத்திட்டாக, பச்சையும் ஊதாவுமாக நிறம் பிரிந்து கிடக்கும். ராவில் மணல்மணலாக நாய்ஸ் இருக்கும். ஆனால் நீலமும் பழுப்பும் அவற்றின் இடத்திலேயே இருக்கும்.

### பயிற்சி 3: தோவாளைப் பூச்சந்தை

விடிவதற்கு முன்பே இங்கே சந்தை சூடுபிடித்துவிடும். பிச்சி, மல்லி, அரளி, கோழிக்கொண்டை, கேந்தி என்று குவிந்து கிடக்கும். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்கமாலை இந்த ஊர்க் கைவேலை; சிவப்பு அரளியையும் வெள்ளை அரளியையும் நொச்சி இலையோடு மடித்து மடித்துப் பாய் போலப் பரப்பிக் கட்டுவார்கள். ஒரு விரற்கடை இடத்துக்குள் வெள்ளை, பச்சை, அடர்சிவப்பு மூன்றும் இருப்பதால் கேமராவுக்கு நல்ல பரீட்சை.

இங்கே மாட்டிக்கொள்வது சிவப்பு. மொத்த ஹிஸ்டோகிராம் நடுவில் ஒழுங்காக நிற்கும்போதே சிவப்புக் கோடு வலது சுவரில் மோதிக்கொண்டிருக்கும். அப்படி மோதினால் இதழின் மடிப்பும் நரம்பும் போய், சிவப்பு மை கொட்டியது போல ஒரே தட்டையாகிவிடும். உச்சிப்படியைத் தாண்டிப் போனதை எந்த பிட்டும் திருப்பித் தராது.

1. முதல் படம் எடுத்து மூன்று நிற ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் பாருங்கள்.
2. சுவரில் மோதினால் எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1 ஆக்குங்கள். மீண்டும் பாருங்கள்.
3. எல்இடி, டியூப் லைட் வெளிச்சத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த வேகங்களில் விளக்கு மினுக்கல் படத்தில் கோடாக விழாது.
4. வெண்சமநிலை 'ஆட்டோ'வில் இருக்கட்டும். ராவில் பிறகு எவ்வளவு மாற்றினாலும் சேதம் இல்லை. ஜேபெக்கில் மஞ்சள் வெளிச்சத்தை வெள்ளையாக்க ஒரு நிறத்தை மட்டும் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். அந்த நிறத்தின் 256 படிகளில்தான் ஓட்டை விழும்.
5. வியாபாரிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். சுமை தூக்கி வருபவர்களின் வழியை மறிக்காதீர்கள். குவியலை மிதித்துவிடாதீர்கள்.

## மூன்றாம் வேலை: கணினியில் திருத்துதல்

மேலே சேர்த்த படிகளை நிறையப் பேர் இழப்பது இந்த இடத்தில்தான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. மூலக் கோப்பை முதலில் நகலெடுங்கள். கார்டிலிருந்து கணினிக்கு ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்று. இரண்டிலும் படம் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.
2. ரா மென்பொருளில் திறங்கள். லைட்ரூம் இருந்தால் நல்லது. காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் டார்க்டேபிள், ராதெரபீ இரண்டும் 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில் கணக்கிடுகின்றன. நம் வேலைக்கு அது தேவைக்கு மேலேயே போதும்.
3. பெரிய திருத்தங்களை இங்கேயே முடியுங்கள். எக்ஸ்போஷர், வெண்சமநிலை, நிழல், கான்ட்ராஸ்ட் நான்கும் ராவில்தான் செய்ய வேண்டும்.
4. அடுத்த மென்பொருளுக்கு 16 பிட்டில் அனுப்புங்கள். லைட்ரூமின் வெளி எடிட்டிங் அமைப்பில் டிஃப், 16 பிட் என்று வையுங்கள். 'கேமரா ரா' என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் திரையின் அடியில் உள்ள வரியில் பிட் எண்ணிக்கை தெரியும். அதைச் சொடுக்கி மாற்றலாம். டார்க்டேபிளில் ஏற்றுமதிப் பகுதியில் 'டிஃப் 16 பிட்' இருக்கிறது.
5. போட்டோஷாப்பில் சரிபாருங்கள். இமேஜ், மோட் என்று போனால் 16 பிட்டுக்கு எதிரே குறி இருக்க வேண்டும். கிம்ப் பயன்படுத்துபவர்கள் 2018-இல் வந்த 2.10 பதிப்போ அதற்குப் பிறகானதோ வைத்திருங்கள். அதற்கு முந்தைய பதிப்புகள் 8 பிட்டைத் தாண்டாது.
6. வேலைக் கோப்பை டிஃப் அல்லது பிஎஸ்டியாகச் சேமியுங்கள். பாதியில் ஜேபெக்காகச் சேமித்து மறுநாள் அதையே திறந்து தொடர்ந்தால் ஆழம் அங்கேயே போய்விட்டது.

முக்கியம்: புரோபோட்டோ போன்ற அகலமான கலர் ஸ்பேஸில் வேலை செய்தால் 16 பிட் கட்டாயம். பரப்பு பெரிது, 256 படிகளை அதில் பரப்பினால் படிக்குப் படி இடைவெளி கூடிப் பட்டை தானாக விழும்.

ஜேபெக்கை 16 பிட்டாக மாற்றினால் சரியாகிவிடுமா என்று பலரும் கேட்பார்கள். நாழி அரிசியைப் பத்தாயத்தில் கொட்டினாலும் நாழி நாழிதான். 256 படிகள் பெரிய கோப்புக்குள் இடம் மாறி உட்காருமே ஒழியப் புதிய படி பிறக்காது. ஆனாலும் ஜேபெக் மட்டுமே கையில் இருந்தால், திருத்துவதற்கு முன் 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்வதில் ஒரு சிறு லாபம் உண்டு: அடுத்தடுத்துச் செய்யும் திருத்தங்களின் தோராயப் பிழை சேர்ந்துகொண்டே போகாது.

## நான்காம் வேலை: 8 பிட்டில் கொடுத்தல்

எல்லாம் முடிந்து, இனி இந்தப் படத்தைத் தொடப்போவதில்லை என்ற பிறகுதான் இது.

1. 16 பிட் கோப்பிலிருந்து நகல் எடுங்கள். மூலம் அப்படியே இருக்கட்டும்.
2. அளவைக் குறையுங்கள். பிரிண்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி. திரைக்கு நீளப்பக்கம் 2,048 புள்ளி போதும்.
3. கலர் ஸ்பேஸை எஸ்ஆர்ஜிபி ஆக்குங்கள்.
4. வானம் பெரிதாக உள்ள படம் என்றால் மிக மெல்லிய நாய்ஸைச் சேருங்கள். படிகளின் விளிம்பை அது கலைத்துவிடும். கிம்ப்பில் 8 பிட்டுக்கு இறக்கும்போது 'டிதர்' என்ற தேர்வு இதையே செய்யும்.
5. இப்போது 8 பிட்டுக்கு மாற்றுங்கள்.
6. ஜேபெக் தரம் 90-க்குக் குறையாமல் சேமியுங்கள்.

நாகர்கோவிலில் லேபில் பிரிண்ட் கொடுக்கும்போது பெரும்பாலும் 8 பிட் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான் கேட்பார்கள். ஃபிளெக்ஸ் கடையில் கோப்பு வகை மாறலாம், முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடியும் நசுக்கும். 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

## பட்டை தெரிகிறதா? கோப்பா, திரையா?

மலிவான லேப்டாப் திரைகள் பல உண்மையில் 6 பிட்தான். மிச்சப் படிகளை மினுக்கி மினுக்கிச் சமாளிக்கும். அதனால் பட்டை தெரிந்ததும் கோப்பைக் குறை சொல்லாதீர்கள். இப்படிச் சோதியுங்கள்:

1. படத்தை 100 சதவீத அளவில் பாருங்கள். சிறிதாக்கிய காட்சியில் மட்டும் பட்டை இருந்தால் அது முன்னோட்டத்தின் குறை.
2. அதே கோப்பை நல்ல கைப்பேசியிலும் பாருங்கள். அதே இடத்தில் அதே பட்டை இருந்தால் கோப்பில் இருக்கிறது.
3. திருத்திய கோப்பின் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். சீப்புப் பல் போல இடைவெளி விட்டு நின்றால் 8 பிட் கோப்பை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள். ராவுக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.

## வழக்கமாகச் செய்யும் தவறுகள்

- 14 பிட் வைத்தால் நிறம் பளிச்சென்று இருக்கும் என்று எதிர்பார்ப்பது. திருத்தாத படத்தில் 12, 14 இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.
- 'பிறகு ஏற்றிக்கொள்ளலாம்' என்று இருட்டாக எடுப்பது. ஏற்றலாம், ஆனால் குறைந்த படிகளை ஏற்றுகிறீர்கள்.
- வெளுத்த மேகத்தை ரா காப்பாற்றும் என்று நம்புவது. கொஞ்சம் காப்பாற்றும். மூன்று நிறமும் உச்சியைத் தொட்டுவிட்டால் அங்கே ஒன்றும் இல்லை.
- ஒரே ஜேபெக்கைத் திறப்பதும் திருத்துவதும் சேமிப்பதுமாகப் பல முறை செய்வது. ஒவ்வொரு சேமிப்பிலும் நசுங்கும்.
- இடம் பற்றவில்லை என்று ராவை அழித்துவிட்டு ஜேபெக்கை மட்டும் வைப்பது. அழிக்க வேண்டியது மங்கிய படங்களையும் இரட்டைப் படங்களையும்தான்.

## இடமும் காப்பும்

24 மெகாபிக்சல் படம் ஒன்று, கம்ப்ரெஸ் செய்யாத 8 பிட் டிஃப்பாக 72 எம்பி. 16 பிட்டில் 144 எம்பி. லேயர்கள் சேர்ந்தால் இன்னும் ஏறும். அதனால் எல்லாப் படத்துக்கும் டிஃப் செய்யாதீர்கள். பொறுக்கி எடுத்த சிலவற்றுக்கு மட்டும் செய்யுங்கள். மற்றவற்றுக்கு ராவும் திருத்தக் குறிப்புக் கோப்பும் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் டிஃப் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வேறு வீட்டில். கடலோர வீடுகளில் உப்புக்காற்று மின்சாதனங்களை அரிக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் கேமராவுக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

## கிளம்பும் முன் சரிபார்க்க

1. ரா அல்லது ரா + ஜேபெக்.
2. 14 பிட், லாஸ்லெஸ், மெக்கானிக்கல் ஷட்டர்.
3. குறைந்தபட்ச ஐஎஸ்ஓ.
4. நியூட்ரல் பாணி, மூன்று நிற ஹிஸ்டோகிராம்.
5. காலிக் கார்டு, முழு சார்ஜ் ஏறிய பேட்டரி, லென்ஸ் துணி, ஊதுகுழல்.
6. கடற்கரை என்றால் கள்ளக்கடல் எச்சரிக்கை.

முதலில் பயிற்சி 2-ஐச் செய்து பாருங்கள். கருந்தரையில் ஜேபெக்கும் ராவும் எங்கே பிரிகின்றன என்பதை உங்கள் கேமராவிலேயே கண்டுவிட்டால், எந்த நாளுக்கு 12 பிட் போதும், எந்த நாளுக்கு 14 வேண்டும் என்பதை நீங்களே முடிவுசெய்வீர்கள்.